பௌர்ணமி அன்று வீடு யாருக்கு

கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து வாடகை ஒப்பந்தம் டைப் அடிப்பது என் பிழைப்பு. ஜூன், ஜூலையில் கூட்டம் ஜாஸ்தி. ஹாஸ்டலில் இடம் கிடைக்காத பிள்ளைகள் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து வருவார்கள். முத்திரைத்தாள் அச்சாகி வந்ததும் முதல் பக்கத்தில் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்பா பெயரைப் பார்ப்பார்கள். பின்கோடைக்கூடப் பார்ப்பார்கள். அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நடுவில் இருப்பதைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. நானும் அப்படித்தான் போட்டேன்.

சில பெண்கள் விவரமாக, "அக்கா, வீட்டுக்காரங்ககிட்ட இன்னான்னா கேக்கணும்?" என்று கேட்பதுண்டு. ஒரே ஒரு கேள்வி சொல்லுவேன். "பௌர்ணமி அன்னைக்கு வீடு யாருக்குனு கேளுங்க." சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். ஆடி மாதம் ஒருத்தியாவது திரும்பி வந்து, "நீங்க சொன்னது நெசம்தாங்க்கா" என்பாள். அவளுக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். வேறென்ன செய்வது?

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே போக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டே பஸ். சாயங்கால பஸ் கீழ்பென்னாத்தூரை விட்டு நாலரைக்குக் கிளம்பிவிடும். திருவண்ணாமலையில் எனக்குக் கடைசி வகுப்பு முடிவதே நாலரைக்குத்தான். முதல் இரண்டு வருடம் ஹாஸ்டலில் ஓட்டிவிட்டேன். மூன்றாம் வருடம் அங்கே இடமில்லை என்றார்கள். வெளியே வீடு பார்க்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒரே வீடு பாரு. அங்கயே இரு. அங்க சரியில்ல, இங்க சரியில்லனு மறுபடியும் பெட்டியத் தூக்கினா, நேரா நம்ம வீட்டுக்குத்தான் தூக்கினு வரணும். மீதிப் படிப்பத் தபால்ல படிச்சிக்கலாம்."

எங்கள் ஊரில் எனக்கு முன்னால் தபாலில் படிக்கப் போன பெண்கள் மூன்று பேர். மூவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. பட்டம்தான் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் அப்பா சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது.

என்னோடு வீடு பார்க்க வந்தவள் ஆரணிக்காரி, ஒரே வகுப்பு. எதையும் நோட்டில் எழுதாமல் செய்யமாட்டாள். போனில் ஏதோ வீடியோவைப் பார்த்து, வாடகைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் என்று பதினேழு எழுதி வைத்திருந்தாள். அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை விட்டு நாலாவது வீடு. மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. கீழே வீட்டுக்காரம்மா மட்டும். ஆரணிக்காரி நோட்டைப் பிரித்தாள்.

"தண்ணி எப்பங்க வரும்?"

"போர் இருக்குதும்மா. எப்பவும் வரும்."

"கரண்ட்டுக்குத் தனி மீட்டருங்களா?"

"தனிதான்."

"கறி சமைக்கலாங்களா?"

"மேல சமைங்க. கீழ வாசனை வராம சமைங்க."

அது எப்படி என்று அவளும் கேட்கவில்லை, அந்த அம்மாவும் சொல்லவில்லை. குரங்கு வருமா என்று கேட்டதற்கு, "வரும். நீங்க கதவச் சாத்திக்கணும், அதுங்களச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல" என்றார். தெரிந்த பெண்கள் வரலாமா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், துணி எங்கே காயப்போடுவது, எல்லாம் கேட்டோம். பதினேழும் முடிந்ததும் வீட்டுக்காரம்மா மோர் கொடுத்தார்.

"இந்த மாதிரி விசாரிச்சி வர்ற பொண்ணுங்களுக்குத்தான் நான் குடுக்கறது. மத்தது உங்களுக்கே தெரியும், இந்தப் பக்கத்துப் பொண்ணுங்கதானே" என்றார்.

தெரியும் என்று தலையாட்டினோம். என்ன தெரியும் என்று கேட்பது மரியாதையாகப் படவில்லை. ஒப்பந்தத்தை அவரே தயாராக வைத்திருந்தார். அந்த வருடம்தான் வணிகச் சட்டம் என்ற பாடத்தில் எனக்கு எழுபத்தெட்டு மார்க் வந்திருந்தது. ஒப்பந்தம் என்றால் என்ன, அதன் நிபந்தனைகள் யாரைக் கட்டுப்படுத்தும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்தக் கையால்தான் நடுப்பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டேன்.

வீடு கிடைத்ததும் அம்மா பாத்திரம் கொடுத்தனுப்பினாள். ஒரு குண்டான், இரண்டு தட்டு, ஒரு சொம்பு, நாலு டம்ளர். எங்கள் பக்கம் பெயர் வெட்டாத பாத்திரத்தை யாரும் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். விசேஷத்துக்குக் கொடுத்து வாங்கும்போது மாறிப்போகும் என்பதுதான் காரணம். எங்கள் வீட்டில் கரண்டி வரைக்கும் அப்பாவின் இனிஷியலும் பெயரும்தான். ஆரணிக்காரி முதல் நாள் காபி குடித்துவிட்டு, "உங்கப்பா என்னையே பாத்துனு இருக்கற மாதிரி இருக்குடி" என்றாள்.

ஆடிப் பௌர்ணமிக்கு முதல் நாள் காலை வீட்டுக்காரம்மா துடைப்பத்தோடு மாடி ஏறி வந்தார். நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இன்னும் கெளம்பலியா? மத்தியானம் ஆளுங்க வந்துடுவாங்களே" என்றார்.

யார் வருவார்கள் என்று கேட்டோம். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள், மாதா மாதம் வெளியூரிலிருந்து வேனில் வந்து மாடியில்தான் தங்குவார்கள், பௌர்ணமிக்கு மறுநாள் சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்துகொள்ளலாம் என்றார். எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"மலை சுத்தற பாதையில வீடு எடுத்துட்டு இது தெரியாதாம்மா? அக்ரிமென்ட்ல ஒன்பதாவது போட்டிருக்குதே. பதினேழு கேள்வி கேட்டீங்க, இத மட்டும் கேக்கலியேனு நானும் நெனைச்சேன். தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் அப்பாவோடு நானே வேனில் வந்திருக்கிறேன். இதே பாதையில் ஒரு வீட்டின் அறையில், யாருடைய பாயிலோ மத்தியானம் படுத்துத் தூங்கியிருக்கிறேன். சுவரில் கையால் கோடு போட்ட ஒரு பரீட்சை அட்டவணை ஒட்டியிருந்தது. அதில் கணக்குப் பரீட்சைக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம். அதைப் படித்துவிட்டு எங்கள் பள்ளியில் கணக்கு எந்தத் தேதியில் என்றுதான் யோசித்தேனே தவிர, அந்த அட்டவணைக்காரி இப்போது எங்கே படுத்திருக்கிறாள் என்று தோன்றவே இல்லை. ஊர் முழுக்க இப்படித்தான். வருகிறவர்கள் அறையைப் பார்ப்பார்கள், அது யாருடைய அறை என்று பார்க்கமாட்டார்கள்.

வேறு வீடு மாறலாம் என்றாள் ஆரணிக்காரி. அவளுக்கென்ன, மாறலாம். எனக்குப் பெட்டியைத் தூக்கினால் ஊர்தான். அதனால் அப்பாவிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். பௌர்ணமி வந்தால் அவள் ஆரணிக்குப் பஸ் ஏறிவிடுவாள். நான் டவுனில் இருக்கும் வகுப்புத் தோழி வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் அப்பா பெயின்ட் கடை வைத்திருந்தார், மூன்று தலைமுறையாக அதே தெரு. பள்ளிவாசலுக்குப் பின்னால் குறுகலான சந்து. வேன் நுழையாது என்பதால் மலை சுற்ற வருகிறவர் எவரும் அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டதில்லை. முதல் மாதம் பையோடு போய் நின்றேன். தோழியின் அம்மா உள்ளே வரச் சொல்லிச் சாப்பாடு போட்டார். இரண்டாம் மாதமும் போனேன். மூன்றாம் மாதம் எனக்கென்று ஒரு தலையணை உறை தனியாக இருந்தது.

அப்பா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவார். பட்டன் போன். பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"எங்கம்மா இருக்கே?"

"ரூம்லதாம்ப்பா."

"சாப்டியா?"

"ஆச்சுப்பா."

"சரி, வெச்சிடு."

பௌர்ணமியிலும் அதே பதிலைத்தான் சொன்னேன். முதல் தடவை யார் காதிலும் விழாமல் வாசலுக்குப் போய்ச் சொன்னேன். நாலாம் தடவை, தோழி வீட்டுச் சேமியாவை மென்றுகொண்டே சொன்னேன். கார்த்திகை தீபத்துக்கு ஐந்து நாள் வீட்டை விட வேண்டியிருந்தபோது கல்லூரி லீவு என்று ஊருக்கே போய்விட்டேன். பொண்ணு நம்மைத் தேடி வந்திருக்கிறது என்று அப்பா கோழி அடித்தார். அந்தக் குழம்பு எனக்கு இறங்கவில்லை.

தைப் பௌர்ணமி அன்று தோழி வீட்டில் உட்கார்ந்து காஸ்ட் அக்கவுன்ட்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு அப்பாவின் நம்பர் வந்தது. ஆறு மணி அழைப்பு நாலு மணிக்கு வந்ததிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"எங்கம்மா இருக்கே?"

"ரூம்லதாம்ப்பா. படிச்சினு இருக்கேன்."

போனில் பின்னால் நிறைய பேர் பேசும் சத்தம் கேட்டது.

"எந்த ரூம்ல?"

"முன் ரூம்லப்பா."

"நானும் முன் ரூம்லதாம்மா இருக்கேன்" என்றார் அப்பா. "இங்க பதினாலு பேர் இருக்கோம். அதுல நீ இல்லியே."

நடந்தது இதுதான். அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருந்ததால் எங்கள் ஊர் ஆட்கள் வேன் பேசியிருக்கிறார்கள். வழக்கமாகத் தங்கும் வீடு பூட்டிக் கிடக்க, ஊர் மளிகைக்கடைக்காரர் யாரையோ விசாரித்து எங்கள் வீட்டுக்காரம்மாவைப் பிடித்திருக்கிறார். மலை சுற்றிவிட்டு மறுநாள் காலை வறுத்த மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, என் முன்னால் திடீரென்று நிற்க வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். அவர் இதுவரை என் வீட்டைப் பார்த்ததில்லை. மாடி ஏறி, தாகமாக இருக்கிறதென்று சமையலறையில் ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்திருக்கிறார். குடித்து முடித்துவிட்டுத்தான் பார்த்திருக்கிறார், டம்ளரில் அவர் பெயர். பக்கத்து டம்ளரிலும் அவர் பெயர். குண்டானைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் அவர்தான்.

உடனே ஆட்டோ பிடித்தேன். பாதை முழுக்கக் கூட்டம், ஆட்டோ போகாது என்று பாதி வழியிலேயே இறக்கிவிட்டார்கள். மீதியை நடந்தேன். மலை சுற்றுகிறவர்கள் எல்லாம் நிதானமாக நடக்க, நான் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினேன். பெட்டியைத் தூக்கு என்று சொல்லப்போகிறார், இன்னும் மூன்றே மாதத்தில் பரீட்சை, எல்லாம் போயிற்று என்பதைத் தவிர மனதில் வேறெதுவும் இல்லை. பயத்தில் அழுகைகூட வரவில்லை.

மாடியில் எங்கள் ஊரே உட்கார்ந்திருந்தது. என் பாயில் இரண்டு பெரியம்மாக்கள். அப்பா அறை நடுவில், கையில் டம்ளரோடு. எதிரே வீட்டுக்காரம்மா ஒப்பந்தத்தோடு நின்றிருந்தார்.

"ஒன்பதாவது இன்னா போட்டிருக்குதுனு படிம்மா" என்றார் அப்பா.

படித்தேன். மாதந்தோறும் பௌர்ணமிக்கு முதல் நாள் காலை முதல் பௌர்ணமிக்கு மறுநாள் மாலை வரையும், தீபத் திருவிழாவுக்கு ஐந்து நாட்களும், ஊர் வழக்கப்படி மாடிப் பகுதியை வீட்டின் உரிமையாளர் உபயோகத்துக்கு விட்டுக்கொடுக்க வாடகைதாரர் சம்மதிக்கிறார். அச்சு தெளிவாகவே இருந்தது. நடுப்பக்கத்தில் நான் படித்த முதல் வரி அதுதான்.

"கையெழுத்து?"

"என்னோடதுதாம்ப்பா."

"போடறதுக்கு முன்ன படிச்சியா?"

"இல்லப்பா."

அவர் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். சண்டைக்குப் போகிறார் என்று நினைத்தேன். "பௌர்ணமிக்கு இந்தப் பொண்ணுங்க எங்க போவாங்கனு நீங்க கேட்டீங்களாம்மா?" என்றார்.

"அதுங்க சொல்லலீங்க. நானும் கேக்கலீங்க" என்றார் வீட்டுக்காரம்மா. அவர் குரல் இறங்கியிருந்தது.

அப்பா மளிகைக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "ஏழு வருஷமா வர்றோமே, நாம படுக்கற எடத்துல யாரு இருந்தாங்கனு நீ கேட்டியா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் கேக்கல" என்றார்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். பெட்டி மூலையில் இருந்தது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"வீட்ட விட்டு அனுப்பறாங்கனு சொல்லியிருந்தா வையாம இருந்திருக்க மாட்டேன். அது வேற. ரூம்ல இருக்கேன்னு ஆறு மாசமா சொல்லினு இருந்திருக்கியே. இன்னிக்கி உனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் இங்கதான வந்து தேடியிருப்பேன்?"

அப்போதுதான் அழுதேன். ஊர் முழுக்கப் பார்க்க அழுதேன். பெரியம்மா ஒருத்தி என் தலையணையை எனக்கே எடுத்துக் கொடுத்தாள். அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சுத்திட்டு வந்து சொல்றேன்" என்று படி இறங்கிவிட்டார்.

காலையில் வெயில் வரும்போது வந்தார். பதினாலு கிலோமீட்டர் செருப்பில்லாமல் நடந்து இரண்டு காலும் வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். முழுக்கக் குடித்துவிட்டு, பெட்டியைப் பார்க்காமல் கேட்டார்.

"பரீட்சைக்குள்ள இன்னும் எத்தன பௌர்ணமி?"

"மூணுப்பா. மாசி, பங்குனி, சித்திர."

"மூணுக்கும் எங்க இருப்பே?"

"அதே தோழி வீட்டுலதாம்ப்பா."

"அவங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

இல்லை. ஆறு மாதமாகப் பையோடு போய் நின்றேனே தவிர, இருக்கலாமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மாமீது அவ்வளவு கோபப்பட்டவள், அந்த அம்மா போட்ட சோற்றைக் கேள்வியே இல்லாமல் தின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"நட, போய்க் கேப்போம்" என்றார். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரை எடுத்து மல்லாட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் எதற்கென்று கேட்கவில்லை.

வீங்கிய காலோடு சந்துக்குள் நடந்து வந்தார். உள்ளே வரச் சொன்ன பிறகும் வாசலிலேயே நின்று, தோழியின் அம்மாவிடம் கேட்டார். "எம்பொண்ணு இன்னும் மூணு பௌர்ணமிக்கு உங்க வீட்டுல இருக்கலாங்களா? உங்களுக்குத் தோதுப்படுமா?"

"இதெல்லாம் கேக்கணுமாங்க? அது எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதானே" என்றார் அந்த அம்மா.

"கேக்கணும்மா. யாரும் கேக்காமதான் இவ்ளோ தூரம் வந்திருக்குது" என்றார் அப்பா. அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். மாசிக்கும் பங்குனிக்கும் இருக்கலாம், சித்திரைக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், ஆனாலும் மகளோடு படுத்துக்கொள்ளட்டும் என்றார். கேட்டால்தான் இதெல்லாம் தெரிகிறது. அப்பா பையை அவர் கையில் கொடுத்து, டம்ளரை மட்டும் தனியாக எடுத்து நீட்டினார்.

"இது இங்க இருக்கட்டும்" என்றார். பெட்டி ஊருக்குப் போகாது என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

மாசிப் பௌர்ணமி அன்று சரியாக ஆறு மணிக்குப் போன் வந்தது.

"எங்கம்மா இருக்கே?"

"தோழி வீட்லப்பா."

"டம்ளர எடு. அதுல இன்னா போட்டிருக்குது, படி."

தோழியின் வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவின் இனிஷியலையும் பெயரையும் அப்பாவிடமே சத்தமாகப் படித்தேன்.

"ம். சரியா இருக்குது. வெச்சிடு."

பங்குனிக்கும் கேட்டார். சித்திரைக்கும் கேட்டார். அப்புறம் பரீட்சை எழுதினேன், பாஸானேன். எங்கள் வீட்டு டம்ளர் நாலிலும் ஒரே பெயர்தான். எந்த டம்ளரை வைத்துக்கொண்டு படிக்கிறேன், டம்ளர் இல்லாமலே படிக்கிறேனா என்பதெல்லாம் பட்டன் போனில் தெரியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று தடவையும் சமையலறைக்குப் போய், அந்த வீட்டில் இருந்த டம்ளரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் படித்தேன்.